பிறகு வாங்கிக்கொள்ளலாம்

புதுமைப்பித்தன் கதைகளின் முழுத்தொகுப்பைக்கூட விலையைப் பார்த்து இரண்டு மாதம் ஒத்திப்போட்டு வாங்கியவர்கள் நாங்கள் இருவரும். அப்படிப்பட்டவர்கள் 2023 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் 70,000 ரூபாயோடு சென்னை ரிச்சி தெருவில் நின்றோமென்றால், காரணம் அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் மகன்.

அவன் எங்களோடு பேசுவது குறைந்து இரண்டு வருடங்களாகியிருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசிக்குள் போனவன் முழுதாகத் திரும்பி வரவில்லை. சாப்பிட வா, கதவைச் சாத்து என்பதைத் தாண்டி எங்களுக்குள் உரையாடல் இல்லை. அந்த வருடம் அஞ்சலகத்தில் கட்டிவந்த தொடர்வைப்பு முதிர்ந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த பணம். கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டோம். விளையாடத்தானே என்ற கேள்வியைச் சிரமப்பட்டு விழுங்கிக்கொண்டோம். அன்றிரவு பன்னிரண்டு மணிவரை பேசினான்.

ஆயத்தமாக வாங்கக் கூடாது, பாகம் பாகமாக வாங்கி நாமே கோக்க வேண்டும் என்பது முதல் பாடம். காட்சிகளை இடைவிடாமல் வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டு என்பதால் பணத்தின் பெரும்பங்கு அதற்கே போக வேண்டும் என்பது இரண்டாவது. செயலிக்கு ரைஸன் 5 5600 போதும் என்றான். ஆறு கோர், 65 வாட். 2022இல் புது வகை சாக்கெட் வந்துவிட்டது, ஆனால் அதற்கு மதர்போர்டும் ராமும் புதிய வகையில் வேண்டும், விலை கட்டாது. கார்டு, ஆர்எக்ஸ் 6600. எட்டு ஜிபி நினைவகம். பன்னிரண்டு ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060ஐப் பற்றி அவன் பேசிய தொனியில் ஏக்கம் இருந்தது. விலையைச் சொல்லும்போது இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நாங்கள் வாயைத் திறந்தோம். கார்டு 132 வாட், செயலி 65. மற்றதெல்லாம் சேர்ந்தாலும் முந்நூறைத் தாண்டாது. எதற்கு 550 வாட்? கார்டு சில கணங்களில் சட்டென்று அதிகம் இழுக்கும், பாதிச் சுமையில் ஓடும்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். சூடாகாமல் நன்றாக உழைக்கும் என்றான். மலிவு ரகங்களில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை நம்ப முடியாதாம். போகும்போது கூட இருப்பதையும் கொண்டுபோய்விடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில் இரண்டு தொலைக்காட்சிகளைப் பறிகொடுத்த எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பழைய கார்டு ஒன்றைப் பாதி விலைக்கு நீட்டினார். மகன் அதன் விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டியெடுக்கும் முறை முடிவுக்கு வந்தபின், இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன என்று வெளியே வந்து சொன்னான். இன்னொரு கடையில் பில் இல்லாமல் என்றால் ஒரு விலை, பில்லோடு என்றால் 18 சதவீத வரியும் சேர்த்து ஒரு விலை. பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டு எங்கே போய் நிற்பது? பில்லோடு வாங்கினோம்.

மூன்றாவது கடையில்தான் அவன் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தோம். வீட்டில் பார்த்த பட்டியல் அல்ல. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 75 ஆகியிருந்தது. இரண்டு எட்டு ஜிபி ராம் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஜோடியாகப் போட்டால்தான் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே இரண்டு பாதைகள் திறக்கும், ஒற்றை ராம் போட்டு ஓட்டுவது ஒரு கதவைச் சாத்திவைத்த கடை மாதிரி என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவனே அவன்.

"ஏன்டா?"

"எழுபதைத் தாண்டுதுப்பா. பிறகு வாங்கிக்கலாம்."

அது எங்கள் வாக்கியம். சைக்கிளுக்கு, கிரிக்கெட் மட்டைக்கு, ஒருமுறை மகாபலிபுரம் போவதற்குக்கூட அதைத்தான் சொல்லியிருக்கிறோம். எங்கள் குரலையே கேட்டதுபோல இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எங்களில் ஒருவர் கைப்பையில் மின்கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்தார். மானிட்டர் 75இலேயே நின்றது, ராம் இரண்டாயிற்று. (2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியபோது கல்லூரி விடுதியிலிருந்து அவன் அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி: "அம்மா, அன்னைக்கே வாங்கினது நல்லதாப் போச்சு.")

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துப் பூட்டினோம். திருகுகளைக் குழம்புக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பதும் ஒயர்களைச் சொருகுவதும் எங்கள் வேலை. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரை இருட்டாகவே இருந்தது. ராமைக் கழற்றி மாட்டினான், கார்டைக் கழற்றி மாட்டினான். முக்கால் மணி நேரம். அவன் முகம் பழையபடி மூடிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளையடிக்காத சுவரையும்.

"கார்டு கீழதானே இருக்கு? இந்த ஒயரை ஏன் மேல சொருகியிருக்கு?"

குனிந்து பார்த்தான். எச்.டி.எம்.ஐ. ஒயர் மதர்போர்டின் துளையில் இருந்தது. அந்தச் செயலிக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தத் துளையில் எத்தனை நேரம் காத்திருந்தாலும் படம் வராது. அங்கே சொருகியது நாங்கள்தான். வீடு அதிரச் சிரித்தான். ஒயரை மாற்றியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. 16 ஜிபி என்றிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான்.