வயர் காசு

கூடைக்குள் கையை விட்டால் எதுவும் குத்தக்கூடாது. அம்மா கூடை பார்ப்பது அப்படித்தான். நிறத்தைப் பார்க்கமாட்டாள், மேல் வேலைப்பாட்டைப் பார்க்கமாட்டாள். கையை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவுவாள். வெட்டிய வயர் நுனி எங்காவது தலை நீட்டிக்கொண்டிருந்தால், "இதுல தக்காளியப் போட்டா கீறிப்புடும்டீ" என்று என் மடியில் திருப்பிப் போடுவாள். இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. நான் விற்பனைக்குக் கட்டும் ஒவ்வொரு கூடையும் இன்றும் அந்தக் கையைத் தாண்டித்தான் வெளியே போகிறது.

மதுரையில் ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டு வீடு எங்களுடையது. ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். மத்தியானத் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்த பிறகு, எண்பதுகளில், பெண்களெல்லாம் நடையில் வந்து உட்கார்வார்கள். யார் வீட்டிலிருந்தோ இலங்கை வானொலி கேட்கும். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கால் பெருவிரலால் வயரை அமுக்கிக்கொண்டு கூடைக்கு அடி போடுவாள். அடிதான் கஷ்டம். நீளத்துக்கு இத்தனை முடிச்சு, அகலத்துக்கு இத்தனை என்று எண்ணிப் போட வேண்டும். அங்கே ஒரு முடிச்சு தப்பினால் அப்போது தெரியாது. நாலைந்து வரிசை ஏறிய பிறகு கூடை ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் தெரியும். பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னலாம். ஆனால் ஒருமுறை முடிச்சில் மடங்கிய வயரில் அந்தத் தடம் போகவே போகாது.

விளக்குத்தூண் பக்கம் போய் ரோல் ரோலாக வயர் வாங்கி வருவாள். கூடைக்குப் பெயரே ரோல் கணக்குதான். ஒன்றரை ரோல் கூடை கோயிலுக்கு. இரண்டு ரோலில் அப்பாவின் டிபன் கேரியர் சாயாமல் நிற்கும். மூன்று ரோல் என்றால் காய்கறிக்கு. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்குத் தனிப் பெயர்கள். நெல்லிக்காய் பார்வைக்கு அழகு, வயரை வாரி விழுங்கும். அம்மா அதைக் கல்யாணச் சீருக்கு மட்டும் போடுவாள்.

எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு மூன்று ரோல் கூடை போட்டுக் கொடுத்தாள். அரக்கும் சந்தன நிறமும் கலந்தது. அத்தை எவ்வளவு என்று கேட்டதற்கு, "வயர் காசு மட்டும் குடுங்க மதினி, போதும்" என்றாள். அந்த வார்த்தையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. நாலு நாள் கழித்து அத்தை வீட்டு மரத்து முருங்கைக்காய் எங்கள் வாசலில் இருந்தது. அதற்கும் கணக்கில்லை.

நான் கணக்கு எழுதியே பிழைத்தவள். ஜவுளிக்கடை ஒன்றில் பதினெட்டு வருஷம் பேரேடு. முதுகுவலியில் வேலையை விட்டு வீட்டோடு இருந்தபோது பொழுதுபோகாமல் வயரை எடுத்தேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கேரி பேக் இல்லாமல் கடைக்குப் போனவர்கள் பரணில் கிடந்த வயர் கூடையைத் தேடினார்கள். கிடைக்காதவர்கள் என்னிடம் கேட்டார்கள். வயரும் பிளாஸ்டிக்தானே என்று மடக்குகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக்தான், மறுக்கவில்லை. அத்தையின் கூடை நாற்பது வருஷமாகக் காய்கறி சுமக்கிறது என்பது மட்டுமே என் பதில்.

மூன்று ரோல் கூடைக்கு 350 ரூபாய் என்று வைத்தேன். வயர் 120 போக 230 லாபம் என்று நோட்டில் எழுதினேன். பதினெட்டு வருஷம் கணக்கு எழுதிய கை எழுதியது அது! அந்தக் கூடைக்கு எனக்குப் பத்து மணி நேரம் ஆனது என்பதற்கு அந்த நோட்டில் பத்தியே இல்லை. கைவேலைதானே, டிவி பார்த்துக்கொண்டே போடுவதுதானே என்று நானே நினைத்திருக்கிறேன் போல.

பத்தி போட வைத்தது ஒரு கல்யாண ஆர்டர். நூறு தாம்பூலக் கூடை, ஒன்று 70 ரூபாய். நான் ஒருத்தி போட முடியாது. தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டேன். அதில் ஒருத்தி நேராகக் கேட்டாள்: "ஒரு கூடைக்கு என்னக்கா குடுப்பீங்க?" அரை ரோல் வயர் 20 ரூபாய்; மீதி 50. வேலை இரண்டு மணி நேரம். முப்பது தருகிறேன் என்றால் மணிக்குப் பதினைந்து. வாய் வரவில்லை. நாற்பது என்றேன். "பூக்கட்டுனா இதவிட வரும்க்கா" என்றாள். ஆனாலும் செய்தாள். எனக்குக் கூடைக்குப் பத்து ரூபாய் மிஞ்சியது. ஆட்டோவும் சாக்கும் அதில் பாதியைத் தின்றன. நாற்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த நூறு கூடையையும் அம்மா தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஐந்து குவியலாகப் பிரித்தாள். "இது இறுக்குற கை. இது தொளதொள கை. இவ அவசரக்காரி, நுனியை ரெண்டு முடிச்சோட விட்டுட்டா." யார் எதைப் போட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே வயர், ஒரே அளவு, அப்படியும் கை மாறினால் கூடை மாறிவிடுகிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிற யாரும் இதை யோசிப்பதில்லை. ஆர்டர் வந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அந்தத் தொளதொள கைக்காரிக்கு முடிச்சு பழக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

மற்றதெல்லாம் சின்னப் பாடங்கள். பார்சல்காரர் கூடையின் எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தைப் பார்க்கிறார். அதனால் ஒன்றுக்குள் ஒன்று போட்டு அனுப்ப வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. நான் ஒரு இடத்தில் ஆயிரம் ரூபாய் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆர்டரிலிருந்து தாம்பூலக் கூடை 110, மூன்று ரோல் 550. கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் போனார்கள். சொந்தக்காரர்கள் முழுசாகவே போனார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளதான, வயர் காசு வாங்கிக்கயேன்" என்று சித்தி போனில் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது யாருடைய வார்த்தை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன மாதம் எதிர்வீட்டு அத்தை வந்தார். அந்தக் காம்பவுண்டு வீடுகள் இடிந்து போனாலும், நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கையில் அதே அரக்கும் சந்தனமும். நிறம் வெளிறியிருந்தது, ஒரு முடிச்சும் விடவில்லை. கைப்பிடி மட்டும் அறுந்திருந்தது. உட்கார வைத்துப் புதுக் கைப்பிடி சுற்றிக் கொடுத்தேன். அம்மா உள்ளே கைவிட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

"எவ்வளவும்மா?"

"எண்பது ரூபா அத்தை."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா என்னோடு பேசவில்லை.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் அந்தக் கூடை. வெளியே நீட்டிக்கொண்டு முருங்கைக்காய். எண்ணினேன், எட்டு. மார்க்கெட்டில் அன்றைக்கு ஒரு காய் பத்து ரூபாய்.