தோற்றவர் சொல்லும் சொல்

ஒரு பாஸை, அதாவது கேமில் வழிமறிக்கும் பெரிய எதிரியை, வடிவமைத்து, அதை முதன்முதலாக நாலு பேர் கையில் கொடுத்தால், திரும்பி வரும் முதல் சொல் பெரும்பாலும் "அநியாயம்" என்பதுதான். கேம்களில் வரும் சண்டைகளை வடிவமைப்பது என் தொழில். அந்தச் சொல்லைக் கேட்டு மனம் நொந்துபோனாலும் வேலை நடக்காது. விளையாடத் தெரியாதவர் புலம்பல் என்று தள்ளினாலும் நடக்காது. அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு குறைகள் இருக்கும். எது எங்கே வலிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது.

இதைப் படிக்க எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ். ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி, ஹிடெடாகா மியாசாகி இயக்கிய இந்த கேம் 2019 மார்ச் 22 அன்று வெளிவந்தது. செங்கோகு காலத்து ஜப்பானில், அஷினா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. ஒரு கையை இழந்த ஷினோபி (நிஞ்சா) ஒருவன், தன் இளம் தலைவன் குரோவை மீட்கப் போகிறான். அந்த ஆண்டு த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான் கிடைத்தது. 2023 செப்டம்பருக்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. பாதியில் மூடிவைத்துவிட்டு மறுபடி திறக்காதவர்களும் நிறைய. "இதைவிட நேர்மையான சண்டை கிடையாது" என்கிறார் ஒருவர். "இதைவிட அநியாயம் கிடையாது" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே சண்டையில் இருவரும் நிற்கும் இடம்தான் வேறு.

செகிரோவில் எதிரிக்கு இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று உயிர். இன்னொன்று போஸ்ச்சர், அதாவது நிற்கும் நிலை எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. வெட்டினால் அது ஏறும். எதிரியின் வாளைச் சரியான கணத்தில் தட்டிவிட்டாலும் ஏறும். நிரம்பிவிட்டால், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் முடித்துவிடலாம். எதிரிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தால் இந்தப் பட்டை இறங்கிவிடும். உயிர் நிறைய இருக்கும்போது விரைவாக இறங்கும். காயம் பட்டிருந்தால் மெதுவாக இறங்கும். இந்த ஒரு விதியில்தான் கேமின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது.

இதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் விளையாடிப் பழகியவர் என்ன செய்வார்? உருண்டு விலகுவார், தள்ளி நிற்பார், இடைவெளி பார்த்து ஓர் அடி போட்டுவிட்டு ஓடுவார். அங்கே அது சரியான முறை. இங்கே அவர் தள்ளி நிற்கும் ஒவ்வொரு நொடியும் எதிரி நிலைகொண்டுவிடுகிறான். அதனால் "எவ்வளவு அடித்தாலும் சாகமாட்டேன் என்கிறான்" என்ற புகார் வருகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு பாஸின் உயிரைக் குறைத்தால் சண்டை கெட்டுவிடும். உயிரின் அளவில் அங்கே பிழை ஏதும் இல்லை. நெருங்கி நில் என்ற பாடம் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தைக் கொண்டுசேர்க்கத்தான் அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு முன்பு வருபவர்களை வேறு வேறு வழிகளில் சமாளித்துவிடலாம். குதிரைமேல் வரும் கியோபுவைப் பட்டாசு வெடித்து மிரட்டலாம். சங்கிலி பிணைத்த ஓக்ரேயை நெருப்பால் தடுமாறவைக்கலாம். கெனிச்சிரோவிடம் இந்தக் குறுக்குவழிகள் அதிக தூரம் போகாது. வாளுக்கு வாள் நின்று, தட்டி, வெட்டி, மறுபடி தட்டித்தான் ஆகவேண்டும். விளையாடியவர்களின் கருத்துகளை வரிசையாகப் பார்த்தால் இந்தச் சண்டை ஓர் எல்லைக்கல் போல இருப்பது தெரியும். இவனைத் தாண்டாதவர் கேமை வெறுக்கிறார். தாண்டியவர் அதுவரை விளையாடிய முறையையே மாற்றிக்கொண்டு, முன்பு திணறிய எதிரிகளிடம் திரும்பிப் போய் எளிதாக வெல்கிறார். அதனால் ஒருவர் கருத்தைக் கேட்கும்போது நான் முதலில் கேட்பது, "எதுவரைக்கும் போயிருக்கீங்க?" என்பதைத்தான்.

இனி அடியின் உள்ளமைப்பு. ஒவ்வொரு அடிக்கும் மூன்று பகுதிகள்: ஓங்குதல், அடித்தல், மீளுதல். கண் பார்த்ததற்கு விரல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழக் கால் நொடி ஆகும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் அது 15 ஃப்ரேம். டிவியும் கன்ட்ரோலரும் தம் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். ஓங்குதல் 12 ஃப்ரேமில் முடிந்து அடி விழுந்தால், பார்த்துத் தடுப்பது நடக்காது. இன்ன அடி வரும் என்று முன்பே தெரிந்தவர்தான் தடுக்கமுடியும். அப்படிப்பட்ட அடியை ஒரு தொடரின் நடுவில் வைக்கலாம். முதல் அடியே பின்னால் வருவதைச் சொல்லிவிடும். சும்மா நிற்கும் பாஸ் திடீரென அப்படி அடித்தால், "அநியாயம்" என்பவர் சொல்வது அப்பட்டமான உண்மை. அங்கே எண்ணை மாற்றவேண்டியது என் கடமை.

ஓங்கிய கையை வேண்டுமென்றே தாமதிப்பது இதற்கு நேர்மாறான உத்தி. இதே நிறுவனத்தின் எல்டன் ரிங்கில் வரும் மார்கிட் என்ற பாஸ் கோலை உயர்த்தி, விழவேண்டிய நேரத்தில் விழவிடாமல் பிடித்து நிறுத்துவான். அவசரப்பட்டு உருண்டவர் எழும்போது அடி தலையில் இறங்கும். இதைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். பாட்டின் எடுப்பு சமத்தில் விழாமல் அரை இடம் தள்ளி வரும்போது அது இனிக்கக் காரணம், தாளம் கையில் அசையாமல் நிற்பதுதான். தாளமே பிடிபடாத நிலையில் எடுப்பைத் தள்ளினால் கேட்பவருக்குக் குழப்பம் மட்டுமே மிஞ்சும். பாஸும் முதலில் சில நேரான அடிகளால் தன் தாளத்தை நிறுவவேண்டும். அதற்குப் பிறகு தள்ளலாம். தாமதமான அடியை வெறுப்பவர்களின் புகாரை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: தாளம் அவர்கள் கையில் ஏறுவதற்குள் வடிவமைத்தவர்கள் அடியைத் தள்ளிவிட்டார்கள்.

செகிரோ இந்தத் தாளத்தைக் காதுக்கும் கொடுக்கிறது. சரியான கணத்தில் தட்டினால் கூர்மையான கணீர் ஒலியும் பெரிய தீப்பொறியும். தாமதித்து வெறுமனே தாங்கினால் மந்தமான ஒலி. கண் எதிரியின் தோளில் இருக்கும்போதே, தான் செய்தது சரியா இல்லையா என்று காது தீர்ப்பளித்துவிடுகிறது. பட்டனைப் படபடவென்று அழுத்தினால் தட்டிவிடுவதற்கான நேர இடைவெளி சுருங்கிவிடும் என்பதும் உள்ளே வைத்த விதி. பதற்றத்துக்குப் பலன் கிடையாது என்பதை ஒரு வரிகூட எழுதாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

விளையாடுபவர்கள் சரியாகப் பிடித்த குறைகளும் உண்டு. சுவரோரம் ஒதுங்கினால் கேமரா திணறி, எதிரி திரையிலிருந்து விலகிவிடுவான். எதிரி எங்கே என்று தெரியாமல் சாவதில் எந்தப் பாடமும் இல்லை. ஓக்ரேயின் பிடி, கண்ணுக்கு விலகியதாகத் தோன்றியவரையும் இழுத்துக்கொள்கிறது என்ற புகாரும் அப்படிப்பட்டதே. அடி எங்கே படும் என்பதைத் தீர்மானிக்கும் ஹிட்பாக்ஸ் கண்ணுக்குத் தெரியாத வடிவம். அது உருவத்தோடு ஒட்டி இருக்கவேண்டும் என்று கேட்பது விளையாடுபவரின் உரிமை. ஆபத்தான அடிக்கு முன் தலைக்குமேல் தோன்றும் சிவப்பு எழுத்தைப் பற்றிய விவாதம் இன்னும் நுட்பமானது. குத்து, காலடி வீச்சு, பிடி மூன்றுக்கும் ஒரே எழுத்துதான் வருகிறது. குத்துக்கு முன்னேறி மிதிக்கவேண்டும், வீச்சுக்குத் தாவவேண்டும், பிடிக்கு விலகவேண்டும். மூன்றுக்கும் மூன்று நிறம் வைத்திருக்கலாமே என்கிறார்கள். நான் இதில் வடிவமைத்தவர்கள் பக்கம். எழுத்து "கவனி" என்று மட்டும் சொல்கிறது. என்ன செய்வது என்பதை எதிரியின் உடல் சொல்கிறது. நிறம் பிரித்திருந்தால் கண் எழுத்தைவிட்டு இறங்கியிருக்காது. எதிரே நிற்கும் மனிதனைப் பார்க்கும் பழக்கமே வந்திருக்காது. பழகிக்கொள்ள வேண்டுமென்றால், பாழடைந்த கோவில் முற்றத்தில் சாகவரம் பெற்ற ஹான்பெய் பயிற்சிக்குத் தயாராக நிற்கிறான்.

சோதனை அறையில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். "அண்ணா, இவன் மூச்சுவிடவே விடமாட்டேங்கிறான்" என்று ஒரு தம்பி சொல்வான். பதிவை ஓடவிட்டுப் பார்த்தால், அவன் செத்ததெல்லாம் மருந்து குடிக்கும் நேரத்தில் இருக்கும். பாஸின் வேகத்தில் குறை இருக்காது; குடிக்கப் பாதுகாப்பான இடைவெளி எது என்று அடையாளம் காட்டாமல் விட்டிருப்போம். வலி எங்கே என்று சொல்வதில் விளையாடுபவர் தவறுவதே இல்லை. காரணத்தைத் தேடிப்போவது வடிவமைப்பவரின் வேலை. அந்தச் சுமையை விளையாடுபவர்மேல் வைக்கக்கூடாது.

வென்றவர்களின் பாராட்டை நான் எச்சரிக்கையோடுதான் வாங்கிக்கொள்கிறேன். செகிரோவின் இறுதிச் சண்டையில் முதலில் கெனிச்சிரோ மறுபடி வருகிறான். அவனை வீழ்த்திய பிறகு வாள்ஞானி இஷ்ஷின் மூன்று கட்டங்களாக நிற்கிறார். வாள், பிறகு ஈட்டியும் துப்பாக்கியும், கடைசியில் மின்னல். ஈட்டியோடு வரும் கட்டம்தான் மிகக் கொடுமை என்றும், தாவி மின்னலை வாங்கித் திருப்பிவிடக் கற்றவருக்குக் கடைசிக் கட்டம் இளைப்பாறுதல் என்றும் பலர் சொல்கிறார்கள். அவரை வென்றவரைக் கேட்டால் எல்லாமே சரியாக இருந்தது என்பார், கேமரா உட்பட. பட்ட பாட்டுக்கு ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று மனம் விரும்பும். அந்த விருப்பத்தில் உண்மையான குறைகளும் மறைந்துபோகும். விட்டுவிட்டுப் போனவரோ கருத்தே எழுதுவதில்லை. கடினமான கேமைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி வென்றவர்களின் பேச்சாக இருப்பது இதனால்தான். அதை மட்டும் கேட்டு அடுத்த பாஸைச் செய்தால், அவன் இன்னும் குறுகிய கூட்டத்துக்காகப் பிறப்பான்.

2019-இல் செகிரோவை ஒட்டி எழுந்த பெரிய விவாதமும் இங்கேதான் வந்து சேர்கிறது. இதில் எளிய நிலை என்ற தேர்வே இல்லை. எல்லோரும் ஒரே சவாலைக் கடந்து, ஒரே அனுபவத்தைப் பேசவேண்டும் என்பது மியாசாகி பல பேட்டிகளில் சொன்ன நிலைப்பாடு. அதன் அழகை நான் மதிக்கிறேன். ஆனால் விரல் விரைவாக அசையாத ஒருவருக்கு, கண்ணோ காதோ குறைந்த ஒருவருக்கு, அது அதே சவால் ஆகாது. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் போன்ற ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம்களில் துணைக்கு ஆள் அழைக்கலாம், தன் வலிமையை வளர்த்துக்கொண்டு திரும்பலாம். செகிரோவில் ஒரே வழிதான். அந்த வழி விரலின் வேகம் வழியாகத்தான் போகிறது.

வேறு வழிகள் இருப்பதைப் பிறர் செய்துகாட்டியிருக்கிறார்கள். 2018-இல் வந்த செலஸ்ட், கேமின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை விளையாடுபவரிடமே கொடுத்தது. ஹேடிஸ் என்ற கேமின் காட் மோட், அடிகளிலிருந்து 20 சதவீதப் பாதுகாப்பில் தொடங்கி, ஒவ்வொரு மரணத்துக்கும் 2 சதவீதம் கூட்டிக்கொடுக்கிறது. அடிகளின் தாளம் மாறுவதில்லை. பாடம் அப்படியே இருக்கிறது, படிக்கக் கிடைக்கும் நேரம்தான் கூடுகிறது. 2017-இல் வந்த கப்ஹெட் எளிய நிலையைக் கொடுத்தும் இறுதி பாஸ்களை அதில் பூட்டிவைத்தது. நான் அப்படிச் செய்யமாட்டேன். கதவைத் திறந்து உள்ளே அழைத்துவிட்டு, விருந்தின்போது வெளியே நிறுத்துவது மரியாதை இல்லை.

கருத்துகளைக் கேட்டுத் திருத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கும் ஃப்ரம்சாஃப்ட்வேரே சான்று. 2020 அக்டோபரில் செகிரோவுக்கு இலவசப் புதுப்பிப்பு வந்தது; வென்ற பாஸ்களோடு மீண்டும் மோதிப் பழகும் வசதி அதில் கிடைத்தது. 2024 ஜூனில் எல்டன் ரிங்கின் விரிவாக்கமான ஷேடோ ஆஃப் த எர்ட்ட்ரீ வந்தபோது, கடினத்தைப் பற்றிய குமுறலால் ஸ்டீம் மதிப்புரைகள் இரண்டாகப் பிரிந்தன. சில நாட்களிலேயே விளையாடுபவரின் வலிமை வளரும் அளவைக் கூட்டினார்கள்; செப்டம்பரில் இறுதி பாஸின் அடிகளையும் திருத்தினார்கள். அதனால் அந்த கேமின் பெருமை குறைந்துவிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் ஒரு பழக்கத்தை வலியுறுத்துகிறேன். பாஸின் ஒவ்வொரு அடிக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: இதில் சாகிறவர் அடுத்த முறைக்கு எதைத் தெரிந்துகொண்டு எழுவார்? தோளைப் பார்க்கவேண்டும், நெருங்கி நிற்கவேண்டும், தாவவேண்டும் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கவேண்டும். பிறகு அந்த வரியைத் தோற்றவர்கள் சொன்னதோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அந்த அடி இருக்கட்டும். பொருந்தாவிட்டால் அடியை மாற்றுங்கள். எழுத ஒரு வரியும் கிடைக்காத அடியை, எவ்வளவு அழகாக அசைந்தாலும், எடுத்துவிடுங்கள்.