தறி வீட்டுக் குரல்

ஜூலை 14, 2025

வீட்டில் யாரிடமும் இதையெல்லாம் சொல்ல முடியாது. வரமகாலட்சுமி நோன்பு நெருங்குகிறது. முதலாளி வீட்டு ஆள் சேலை கேட்டு தினமும் வாசலில் வந்து நிற்கிறார். கூடத்தில் இரண்டு தறியும் விடிகாலையிலிருந்து ராத்திரி பத்துவரை ஓடுகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன். வகுப்பில் இங்கிலீஷ், பஸ்ஸில் கன்னடம், இந்த நோட்டில் மட்டும் தமிழ்.

இன்று எனக்குக் கல்லூரியில் முதல் நாள். ஹெப்பகோடி செயின்ட் பிரான்சிஸ் டி சேல்ஸ் கல்லூரி, பி.காம். ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம்வரை ஒரு பஸ், அங்கிருந்து ஓசூர் ரோட்டில் இன்னொன்று. இரண்டிலும் ஆதாரைக் காட்டினால் பெண்களுக்கு இலவச டிக்கெட். இந்தச் சக்தி திட்டம் இல்லாவிட்டால் அப்பா ஹெப்பகோடி என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்.

முதல் வகுப்பில் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி சொல்ல வேண்டும். பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து பெயரைச் சொன்னதும் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மெல்லகே, மைக்கே பேடா" (மெதுவா, மைக்கே வேண்டாம்) என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "நல்ல குரல், மேலே சொல்லு" என்றார். எனக்குத்தான் மேலே வரவில்லை.

இடைவேளையில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து மேடம் பேசும் இங்கிலீஷில் பாதிதான் பிடிபடுகிறது. வார்த்தையின் நடுப்பகுதி வருகிறது, முனைகள் வருவதில்லை. கன்னட மீடியத்தில் படித்துவிட்டு வந்தவளுக்கு இப்படித்தான் இருக்கும். பழகினால் சரியாகும்.

ஜூலை 15

இன்று யாரிடமும் பேசவில்லை.

ஜூலை 18

யூயூசிஎம்எஸ் என்ற பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு. சாதிச் சான்றிதழின் ஆர்.டி. நம்பர் கேட்டது. நாட கச்சேரி என்ற வருவாய் அலுவலகத்தில் வாங்கிய தாளைத் தேடி அம்மா பீரோவைக் கொட்டிக் கவிழ்த்தாள். அது அப்பாவின் பாவுக் கணக்கு நோட்டுக்குள் இருந்தது.

பாட்டிக்கு வேறு கவலை. "சாமியார் காலேஜு, உன்னை மாத்திருவாங்களா?" என்று ராத்திரி கேட்டாள். காலையில் ஜெபம் சொல்லும்போது எழுந்து நிற்கிறோம். சிலர் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள், மற்றவர்கள் சும்மா நிற்கிறோம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அரசியலமைப்பு வகுப்பில் சார் 28(3)-ஆவது பிரிவைச் சொன்னார்: அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் படிப்பவரை, அவர் சம்மதம் இல்லாமல், மைனராக இருந்தால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு பிரிவு தள்ளி 30-இல்தான் சிறுபான்மையினர் இப்படிக் கல்லூரி நடத்தும் உரிமை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவர்கள் எங்களைப் போன்ற வகுப்பறையை நினைத்திருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. பாட்டிக்குச் சொன்னேன். "கும்பிட்டா ஒண்ணும் கொறைஞ்சிடாது, கும்பிடு" என்று அவளே முடித்துவிட்டாள்.

ஜூலை 23

பக்கத்தில் உட்காருகிறவள் கோலார் தங்கவயல் பெண். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். சுரங்கம் 2001-இல் மூடியபோது அவள் தாத்தாவுக்கு வேலை போனது. அப்பா தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து வேலை பார்த்து இவளை வளர்த்திருக்கிறார். என்னிடம் அவளாகப் பேசினாள். என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று ஒரு ஃபாதர் கல்லூரிப் பெயருக்குரிய புனிதரைப் பற்றிப் பேசினார். எனக்குக் கேட்டது கொஞ்சம், மீதியைத் தங்கவயல்காரி சொன்னாள். பிரான்சிஸ்கு சலேசியார் 1567-இல் சவோய் நாட்டில் பிறந்தவர். பின்னால் ஜெனீவாவுக்கு ஆயர். இளம் குருவாக ஷாப்லே என்ற பகுதிக்கு அனுப்பப்பட்டபோது அங்கே அவர் பிரசங்கத்தைக் கேட்க ஆள் வரவில்லை. சொல்ல நினைத்ததைத் தாளில் எழுதி, வீடு வீடாகக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாராம். 1923-இல் போப்பாண்டவர் அவரை எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். டான் பாஸ்கோ தன் சபைக்குச் சலேசியர் என்று வைத்தது இவர் பெயரைத்தான். எங்கள் கல்லூரியை நடத்துவது வேறு சபை. அன்னெசி ஊரில் பீட்டர் மெர்மியே என்ற குரு 1838-இல் தொடங்கியது. அடுத்த பத்து வருஷத்துக்குள் விசாகப்பட்டினம் பக்கம் வந்துவிட்டார்கள்.

கேட்க ஆளில்லாதபோது எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். மார்த்தீன் என்று ஒருவன், பிறந்ததிலிருந்தே காது கேளாதவன், பேச்சும் கிடையாது. அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். சலேசியார் அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, கையால் சைகை உண்டாக்கி, மறைக்கல்வி முழுவதையும் சொல்லிக்கொடுத்து நற்கருணையும் கொடுத்தார். காது கேளாதவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர்.

ஜூலை 24

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் கூடத்தில் தறி ஓடும்போது வாயால் பேசி நான் பார்த்ததில்லை. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டது, சுற்றிக் கொண்டு வா. இரண்டு விரலைக் கத்தரிபோல் வைத்தால் பாவில் இழை அறுந்தது. கட்டைவிரலை வாயில் வைத்தால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மோட்டாரை நிறுத்து. முதலாளி வருகிறார் என்பதற்கு அப்பா மீசையைத் தொடுவார். நடக்கும் வயசிலேயே எனக்கு இதெல்லாம் தெரியும். யார் உண்டாக்கினார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

ஆகஸ்ட் 5

பஸ் வேலைநிறுத்தம் என்றார்கள். கல்லூரிக்குப் போகவில்லை.

பகல் முழுக்க வீட்டில் இருந்து ரொம்ப நாளாகிறது. பின்பக்கத் தறியில் ஊடை அறுந்து நாடா வெறும் நாடாவாக ஓடிக்கொண்டிருந்தது. இழை அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும். எங்களுடையது பழைய தறி, அதை நிறுத்தும் கம்பி சரியாகப் பிடிப்பதில்லை. இத்தனை வருஷம் அப்பா காதால்தான் பிடித்தார். வெறும் நாடாவின் சத்தம் வேறு என்பார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சட்டென்று திரும்புவார்.

இன்று திரும்பவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். அதே கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. முந்தானையில் ஜரிகை வரும் இடம் அது. அப்பா ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டே இருந்தார், பிரித்து முடியவில்லை. அந்தச் சேலைக்குக் கூலியில் பிடிப்பார்கள்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு வருஷமாவே இப்படித்தான். வெளியே சொல்லாதே, தறியைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. தறியின் மேலும் அவரிடம் வாங்கிய கடன் இருக்கிறது. நாம் எல்லோரும் வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறோமே, அது அப்பாவுக்காகவா தறிக்காகவா என்று கேட்டேன். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 8

வரமகாலட்சுமி. தறி இரண்டும் ஓய்வு. அப்பா பகலெல்லாம் தூங்கினார்.

ஆகஸ்ட் 11

மெட்ரோ மஞ்சள் பாதை இன்றிலிருந்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 16 நிலையம். எனக்குப் பயனில்லை, பொம்மசந்திராவுக்கு அடுத்த நிலையமே ஹெப்பகோடி. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 19

அப்பாவின் காதைப் பற்றித் தங்கவயல்காரியிடம் சொன்னேன். அம்மா வெளியே சொல்லாதே என்றது ஆனேக்கலுக்குள், இது ஹெப்பகோடி. அவள் அதிசயப்படவில்லை. "எங்க தாத்தாவுக்கும் அதே. பாறையில டிரில் பிடிச்சவங்க எல்லாருக்கும் அங்க நுரையீரல்தான் போகும்னு பேசுவாங்க, காதைப் பத்தி யாரும் பேசவே இல்ல" என்றாள். கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில் காது பார்ப்பார்கள், கூட்டிக்கொண்டு போ என்றாள்.

அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாது. மெட்ரோவில் ஒரு தடவை போய்விட்டு வரலாம், வாங்கப்பா என்றேன். "போலாம் கண்ணு" என்றார். உண்மை தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 23

பொம்மசந்திரா மேடையில் வெகுநேரம் நின்றோம். இப்போதைக்கு 25 நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் கதவுக்கு மேலுள்ள பலகையில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டியில் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், அடுத்தது ஹொச ரோடு என்று அவருக்கு எடுத்துக்கொடுத்தார். சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

சத்தம் புகாத சின்ன அறை. அப்பாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் அடிக்கடி அமுக்கினார். பிறகு அமுக்காமல் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். நான் தலையசைத்து உதவ முடியாது. அந்த நேரத்தை எப்படிக் கடந்தேன் என்று எழுதத் தெரியவில்லை.

வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் கொஞ்சதூரம் மட்டமாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கின. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இப்படித்தான் வரும் என்று சோதனை செய்த அக்கா சொன்னார். தமிழ் பேசினார். உள்காதில் மயிரிழைபோல் செல்கள் இருக்கின்றன, செத்தால் திரும்ப முளைக்காது. கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும். ச, ஃப, த மாதிரி எழுத்துகள் போய்விடும். உயிரெழுத்து கேட்கும், அதனால் பேச்சு கேட்கிறமாதிரியே இருக்கும், என்ன வார்த்தை என்று மட்டும் பிடிபடாது. "கேக்குதும்மா, புரியத்தான் மாட்டேங்குது" என்று அப்பா நடுவில் சொன்னார். அதையேதான் சொல்கிறேன் என்றார் அவர்.

காதுக்கு மிஷின் வைக்கலாம், ஆனால் தறிக்குப் பக்கத்தில் அதைப் போடக் கூடாது, அங்கே காதடைப்பான்தான் போட வேண்டும் என்றார். "காதை அடைச்சுக்கிட்டு எப்படித் தறி ஓட்டறது?" என்று அப்பா கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது என்னிடம், "தறி வீட்டுக்குள்ளேயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "சின்ன வயசுலேருந்தா?" ஆமாம் என்றேன். "நீ எப்பவுமே இவ்வளவு சத்தமாத்தான் பேசுவியா, அப்பாவுக்காகப் பேசுறியா?"

அப்பாவுக்காக என்றேன்.

ஆகஸ்ட் 26

நூலகத்தில் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களில், சத்தத்தால் வரும் காது மந்தமும் இருக்கிறது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பிறகு, சட்டத்தின் கணக்கில் எங்கள் கூடம் தொழிற்சாலையே இல்லை என்று கணக்கியல் சார் விளக்கினார். யாரும் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனேக்கலில் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை கூடம் ஓடுகிறது! கோபம் தாங்கவில்லை. எந்த அலுவலகத்துக்கும் தெரியாமலே ஒரு தெரு முழுக்கச் செவிடாகிக்கொண்டிருக்கலாம். எழுத வேண்டும். எங்கே, யாருக்கு என்று தெரியவில்லை. கதவுக்கு அடியில் தாளைச் செருகினவர் நினைவுக்கு வந்தார்.

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் ஸ்பீக்கர். அப்பா அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 29

சிவாஜிநகர் மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை திருவிழா. தங்கவயல்காரியின் அம்மா காவிச் சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். நீயும் வாயேன் என்றாள் மகள். பாட்டியைக் கேட்டேன். அவள் தறிக்காரி, முதலில் கேட்டதே "அந்தச் சேலை பட்டா, காட்டனா?" என்றுதான்.

செப்டம்பர் 1

முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடம் பேசும்போது உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் முழுசாக வந்தன. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மறுபடி முனை உடைந்துவிடுகிறது.

செமினாருக்குத் தலைப்பு கொடுங்கள் என்றார். விசைத்தறியும் செவித்திறனும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வணிகவியலில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டார். கூலியைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று என் குரலிலேயே சொன்னேன்.

அப்பா மிஷினுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. ஊனமுற்றோர் அட்டை வாங்கினால் அரசுத் திட்டத்தில் கிடைக்கலாம் என்றேன். "எனக்கென்ன ஊனமா?" என்றார். மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சு அடைப்பான்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அம்மா மட்டும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலைக்கு ஆஸ்பத்திரியில் என் பெயருக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். வீட்டில் கல்லூரி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தங்கவயல்காரி கூட வருகிறாள். முடிந்ததும் அப்படியே சிவாஜிநகருக்குப் போய்விட்டு வரலாம் என்கிறாள்.