நெடுவழிப் பயிற்சி

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பிளாரன்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே அசிசி என்னும் மலையூருக்குச் சாலை ஒன்று செல்கின்றது. அரெஸ்ஸோ நகரைக் கடந்து, திரசிமேனோ ஏரியை அடுத்து, பெரூஜியாக் குன்றுகளில் ஏறி இறங்கிச் செல்லும் அவ்வழி ஏறத்தாழ 175 கிலோமீட்டர் நீளமுடையது. 1943-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலும் அதனை அடுத்து வந்த குளிர்காலத்திலும் மிதிவண்டியில் தனியே விரைந்து செல்லும் மனிதர் ஒருவரை வழியில் இருந்த ஊர்மக்கள் பலமுறை கண்டனர். கண்டவர் எவரும் வியப்புற்றிலர். அவர் அணிந்திருந்த சட்டையின் மேல் அவருடைய பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. பந்தய வீரர் ஜீனோ பார்தாலி பயிற்சிக்குச் செல்கின்றார் என்றே யாவரும் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்யன்று, ஆயினும் அது பாதி உண்மையே ஆகும்.

பார்தாலி 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் பிளாரன்ஸ் நகரை அடுத்த பொன்தே ஆ ஏமா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். சிறுவனாயிருந்தபோதே மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையொன்றிற் பணிக்கு அமர்ந்த ஜீனோ, வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பூட்டக் கற்றார். இக்கல்வி பின்னாளில் எத்தகைய பணிக்கு உதவப்போகின்றது என்பதனை அன்று யார் அறிவார்? இத்தாலியைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் 1936-இலும் 1937-இலும் வென்ற அவர், 1938-இல் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்திலும் வாகை சூடினார். இடையில் 1936-ஆம் ஆண்டில் அவர் தம்பி ஜூலியோ பந்தயத்தில் நேர்ந்த விபத்தால் உயிர் நீத்தார். மிதிவண்டியையே துறந்துவிட எண்ணிய பார்தாலி, நெடிது சிந்தித்தே மீண்டும் அதன்மீது ஏறினார்.

நெடுந்தொலைவுப் பந்தயத்தின் இயல்பை அறியாதார்க்கு அதற்குரிய பயிற்சியின் அருமை விளங்காது. ஓட்டப்பந்தய வீரன் சில நொடிகளில் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அமைதி பெறுகின்றான். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் பந்தயமோ, 1948-ஆம் ஆண்டின் கணக்குப்படி, 21 கட்டங்களாக ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர் தொலைவு நீண்டது. ஒரு நாளில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவன், களைப்பு நீங்குமுன்னரே மறுநாட் காலையில் மீண்டும் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டும். இதற்கு உடலைப் பழக்குவது எளிய செயலன்று. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் பொருள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. கடுமையாக உழைப்போர்க்கு அச்சேமிப்பு இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் பெரிதும் தீர்ந்துபோகும். அதன்பின்னும் கால்கள் சோராது இயங்க வேண்டுமாயின், உடல் தன் கொழுப்பினை மிகுதியாக எரித்து ஆற்றல் பெறப் பழகியிருத்தல் வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் மிதிப்பவர்க்கே அப்பழக்கம் கைகூடும். அவர்தம் தசைகளிற் குருதி பாயும் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஓடும் வண்டியில் இருந்தவாறே உண்பதற்கு வயிறு இசைகின்றது. ஒரே இருக்கையில் நெடுநேரம் இருப்பதற்கு முதுகும் கழுத்தும் உடன்படுகின்றன. இவை யாவும் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய செல்வம். சில வாரங்கள் வாளாவிருந்தாலே இச்செல்வம் கரையத் தொடங்கிவிடும். ஆதலின் பந்தயம் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் மழையென்றும் பனியென்றும் பாராது வீரன் சாலையில் இறங்குதல் வேண்டும். அங்கே கைதட்டுவார் இலர், பரிசளிப்பார் இலர்.

பார்தாலியின் காலத்தில் பந்தயங்களே இல்லாமற் போயின. இரண்டாம் உலகப்போரின் காரணமாக 1941 முதல் 1945 வரை இத்தாலியச் சுற்றுப்பந்தயம் நடைபெறவில்லை. 1940-இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட பார்தாலிக்குத் திரசிமேனோ ஏரியின் பக்கத்தே செய்தி கொண்டு செல்லும் பணி கிட்டியது. அப்பணியையும் அவர் மிதிவண்டியிலேயே செய்தமையால், அந்நாட்டின் சாலைகளும் குறுக்கு வழிகளும் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி ஆயின.

1943-ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலி நேசநாடுகளுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. உடனே ஜெர்மானியப் படைகள் இத்தாலியின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. 1938-ஆம் ஆண்டின் இனச்சட்டங்களால் முன்னரே உரிமை இழந்திருந்த யூதர்கள், இப்போது உயிரையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர். பிளாரன்ஸ் நகரில் நவம்பர்த் திங்களில் அவர்களைத் தேடிப் பிடித்து இரயில் வண்டிகளில் ஏற்றி அனுப்பும் கொடுமை தொடங்கியது. அந்நகரின் பேராயராகிய கர்தினால் எலியா தல்லா கோஸ்டாவும் யூத குருவாகிய நாத்தான் கசூட்டோவும் கூடி, யூதர்களை மறைத்துக் காக்கும் ஏற்பாட்டினைச் செய்தனர். கசூட்டோ விரைவிலேயே பிடிபட்டார்; அவர் திரும்பி வரவில்லை. எனினும் பணி நிற்கவில்லை.

மறைந்து வாழ்வோர்க்கு உணவும் உறையுளும் கிடைத்தல் மட்டும் போதுமோ? தெருவில் நடமாடவும் ஊர்விட்டு ஊர் செல்லவும் அடையாளச் சீட்டு வேண்டும். அதில் யூதர் என்பதனைக் காட்டும் பெயர் இருத்தலாகாது. அசிசி நகரில் ஆயர் நிக்கொலினியும் துறவி ரூபினோ நிக்காச்சியும் பலரைத் துறவு மடங்களில் மறைத்து வைத்திருந்தனர். அவ்வூரில் சிறிய அச்சகம் நடத்திய லூயிஜி பிரிஸி என்பாரும் அவர் மகனாரும் போலிச் சீட்டுகளை அச்சிட்டனர். நேசநாட்டுப் படைகள் முன்னரே மீட்டுவிட்ட தென்னாட்டு ஊர்களே அச்சீட்டுகளை வழங்கியனவாகக் காட்டினர். போர்முனைக்கு அப்பால் உள்ள ஊர்ப் பதிவேட்டை ஜெர்மானியர் எங்ஙனம் சரிபார்ப்பர்? அறிவு நுட்பம் வாய்ந்த ஏற்பாடு இது. ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. சீட்டில் ஒட்டுவதற்குரிய நிழற்படங்கள் பிளாரன்ஸிலிருந்து அசிசிக்குச் செல்ல வேண்டும். முடிந்த சீட்டுகள் அசிசியிலிருந்து பிளாரன்ஸுக்கு வர வேண்டும். இடைவழியெங்கும் சோதனைச் சாவடிகள்.

கர்தினால் பார்தாலியை அழைத்தார். திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடைய பார்தாலியின் திருமணத்தை நடத்திவைத்தவரும் அவரே. மனைவியும் இரண்டு வயது மகனும் உடைய ஒருவர் இத்தகைய பணியை ஏற்குமுன் தயங்கியிருத்தல் இயல்பே. பார்தாலி அப்பணியை ஏற்றார். மனைவியிடமும் அதனைக் கூறினாரல்லர். அறியாதிருத்தலே அவ்வம்மையாருக்குக் காவல் என்று கருதினார் போலும்.

மிதிவண்டியின் உடற்சட்டம் உள்ளீடற்ற இரும்புக் குழாய்களால் ஆனது. இருக்கையைத் தாங்கும் தண்டினைக் கழற்றினால் அக்குழாயின் வாய் திறந்துகொள்ளும். நிழற்படங்களையும் தாள்களையும் இறுகச் சுருட்டி அதனுள் இட்டு, தண்டினை மீண்டும் பொருத்திவிட்டால் வெளியே யாதொரு வேறுபாடும் தோன்றாது. பழுதுபார்க்கும் கடையிற் கற்ற தொழில் இங்கே கைகொடுத்தது.

பிறர் ஐயுறாத வடிவம் ஒற்றனுக்கு வேண்டும் என்பது திருவள்ளுவர் கருத்து. ஐயுறாத வடிவம் எனின், யாரும் கவனியாத எளிய தோற்றம் என்றே நாம் கொள்வோம். பார்தாலியின் செய்தியோ இதற்கு நேர்மாறானது. இத்தாலியில் அவரை அறியாத முகம் இல்லை. சாவடியில் நின்ற வீரர்கள் அவரைச் சோதிப்பதை விடுத்து, பழைய பந்தயங்களைப் பற்றி உசாவுவதில் ஆர்வம் காட்டினர். வண்டியைத் தொட முற்படுவோரிடம், ‘இதன் உறுப்புகள் யாவும் விரைவு குன்றாவண்ணம் என் உடலுக்கேற்ப அளந்து பொருத்தப்பட்டவை, தயவுசெய்து தொட வேண்டா’ என்னும் கருத்துப்பட அவர் கூறுவாராம். பந்தய வீரர் வாயிலிருந்து வந்த அச்சொல்லை மறுப்பார் யார்? தெரந்தோலா என்னும் இரயில் சந்திப்பில் அவர் இறங்கிச் சிற்றுண்டி அருந்தும்போது மக்கள் திரண்டு சூழ்வர் என்றும், அந்த ஆரவாரத்திற் காவலர் கவனம் சிதறும் நேரத்தில் தப்பியோடுவோர் வண்டி மாறிச் செல்வர் என்றும் கூறுவர்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பார்தாலி கூறிய காரணம் எவரும் குறைகூற இயலாத காரணமாக அமைந்தமைக்கு, அது மெய்யான காரணமாயிருந்தமையே ஏது. போர் முடிந்தால் பந்தயம் மீண்டும் வரும். அந்நாளில் முப்பது வயதைக் கடந்த கால்கள் ஓய்ந்து கிடத்தலாகாது என்னும் கவலை அவருக்கு உண்மையிலேயே இருந்தது. பயிற்சி இல்லாத ஒருவர் அத்தொலைவை ஒருநாளிற் கடந்து, குன்றேறிக் களைத்தும் முகம் வாடாது காவலரோடு உரையாடி நிற்றல் இயலுமோ? மேலும், பயிற்சியில் மிதிப்பவன் களைத்தால் மரநிழலில் அமரலாம். நாளை வரலாம் என்று திரும்பலாம். குழாயினுள் பிறருடைய உயிர்களைச் சுமந்தவர்க்கு அவ்வுரிமை இல்லை.

அவருடைய இல்லத்துப் பணி இதனினும் நெருக்கமானது. கோல்டன்பெர்க் என்னும் யூதக் குடும்பத்தாருக்குத் தம் பந்தய ஊதியத்தால் வாங்கிய வீட்டில் முதலில் இடமளித்தார். ஆபத்து மிகவே நிலவறையில் அவர்களை மறைத்து வைத்தார். நால்வரும் ஒரே கட்டிலிற் படுத்துறங்கினர். தந்தை வெளியே வந்ததே இல்லை. அன்னை மட்டும் இரு வாளிகளுடன் தண்ணீர் கொண்டுவரச் செல்வார். அக்குடும்பத்துச் சிறுவன் ஜார்ஜோ முற்றத்திலும் கால் வைக்க இயலாது பல திங்கள் அவ்வறையிற் கழித்தான்.

1944-ஆம் ஆண்டு ஜூலையில் பாசிசக் காவற்படைத் தலைவன் மாரியோ காரித்தா பார்தாலியை வரவழைத்தான். காரித்தா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் அருள் என்பது பொருள்; பெயருக்கும் செயலுக்கும் இத்துணைப் பகை அமைந்தது வியப்பே. அவன் மக்களை வதைத்த மாளிகையை ஊரார் ‘துயர மனை’ என்று வழங்கினர். உதவிக்கு நன்றி கூறி வாத்திகனிலிருந்து பார்தாலிக்கு வந்த மடல் அவன் கையிற் சிக்கியிருந்தது. அனுப்பியவை படைக்கலங்களோ என்று வினவினான். ஏழைகளுக்கு மாவும் சர்க்கரையும் காப்பியுமே அனுப்பியதாகப் பார்தாலி விடையிறுத்தார். அங்கிருந்தோருள் அவரை முன்னரே அறிந்த ஒருவர் அவருக்காகப் பேசினார். பார்தாலி விடுதலை பெற்றார். அடுத்த திங்களில் பிளாரன்ஸ் நகரும் விடுதலை பெற்றது.

போருக்குப்பின் 1946-இல் இத்தாலியச் சுற்றுப்பந்தயம் மீண்டும் நடந்தபோது, இளைஞர் பவுஸ்தோ கோப்பியை 47 நொடிகளே முந்தி முதல்வராக வந்தார் பார்தாலி. 1948-இல் பிரான்ஸ் நாட்டுப் பந்தயத்தில் 21 நிமிடங்களுக்கு மேற் பின்தங்கியிருந்தவர், ஜூலை 15-ஆம் நாள் 2,360 மீட்டர் உயரமுள்ள இஸோவார் கணவாயைக் கடந்து அக்கட்டத்தை வென்றார். ஈற்றில் பந்தயத்தையும் வென்றார். முதல் வெற்றிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகள். அதற்கு முந்திய நாள் இத்தாலியில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொல்லியாத்தி சுடப்பட்டு நாடே கொந்தளித்திருந்தது. பார்தாலியின் வெற்றி உள்நாட்டுப் போரையே தடுத்தது என்பார் உளர். அது மிகைக்கூற்று, மக்கள் மனம் சற்று ஆறியது என்பதே பொருந்தும்.

அப்பெரு வெற்றிகளைப் பற்றி வாய் ஓயாது பேசிய பார்தாலி, அசிசிப் பயணங்களைப் பற்றிப் பேசுவதை விரும்பவில்லை. மகன் ஆந்திரேயாவிடம் சிறுகச் சிறுகக் கூறியவற்றையும் பிறர்க்கு உரைத்தல் ஆகாதென்று விலக்கினார். 2000-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் அவர் காலமானார். குழாயினுள் சென்ற தாள்களுக்கு எழுத்துச் சான்று போதாது என்று வரலாற்றாசிரியர் சிலர் பின்னர் ஐயம் எழுப்பினர். எழுத்துச் சான்று கிடைத்திருப்பின் அன்றே பலர் தலை உருண்டிருக்கும் என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலவறையில் வாழ்ந்த சிறுவன் ஜார்ஜோ, முதுமையில் இசுரேல் நாட்டில் இருந்து தான் கண்டதனைக் கூறினார். எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவு நிலையத்தார் 2013-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பார்தாலியை ‘உலக மக்களுள் நேர்மையாளர்’ என அறிவித்தனர். கர்தினால் தல்லா கோஸ்டாவுக்கு அச்சிறப்பு அதற்கு முந்திய ஆண்டிலேயே அளிக்கப்பட்டிருந்தது. அங்குள்ள நினைவுச் சுவரில் பார்தாலியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.