குருவி வெடி

சிவகாசிக்காரன் வெளியூருக்குக் கையை வீசிக்கொண்டு போக முடியாது. துக்கம் விசாரிக்கப் போனாலும், கிளம்புகிற நேரம் யாராவது ஒருவர் மெதுவாகக் காதைக் கடிப்பார்: "பட்டாசு கிட்டாசு கொண்டாந்தீகளா?" வாலிநோக்கத்துக்குப் பூநாரை பார்க்கப் புறப்பட்ட அந்த ஜனவரிக் காலையிலும் மச்சான் டிக்கியில் ஒரு பெட்டியைத் திணித்தான். பறவைக்கு எதற்கடா பட்டாசு என்றேன்.

"பறவைக்கா மாப்ளே குடுக்கப்போறோம்?"

அருப்புக்கோட்டை தாண்டி, பெருநாழி வழியாகச் சாயல்குடி போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே கரிமூட்டப் புகை. 'தண்ணியில்லாக் காடு' என்று முனகிக்கொண்டே வந்தேன். கேலி பேச எனக்கு யோக்கியதை இல்லை. 1985இல் மாவட்டம் பிரிக்கிறவரை நாங்களும் ராமநாதபுரம்தான். அதே வானம், அதே வெயில். மருந்தும் தாளும் சீக்கிரம் காய்வதால் எங்களுக்கு அந்த வெயிலே முதலாகிவிட்டது, அவ்வளவுதான்.

உப்பளத்தை ஒட்டிய கழியில் முந்நூறு பூநாரைகளாவது நின்றிருக்கும். முதலில் ஏமாற்றம். படத்தில் பார்த்த ரோஸ் நிறம் எங்கே? அழுக்கு வேட்டியை உலர்த்தியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு ஒன்று சோம்பல் முறித்து இறக்கையை விரித்தது. உள்ளே செக்கச் செவேலென்று, ஓரத்தில் கறுப்புக் கரை போட்டு.

ஊர்ப் புத்தி போகுமா? சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம். இதற்கு என்ன மருந்து என்றுதான் மனசு ஓடியது. சாப்பாடுதான் மருந்து. தின்கிற பாசியிலும் பொடி இறாலிலும் இருக்கிற நிறம் இறகில் ஏறுகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் விட்டு அவை இரை சலிப்பதைப் பார்த்தபோது, மருந்து சலிக்கிற எங்கள் ஊர்ப் பெண்களின் குனிந்த கழுத்துகள் ஞாபகம் வந்தன.

மச்சான் கார்க் கதவை அறைந்து சாத்தினான். முந்நூறு கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தன. அப்புறம் கழி முழுக்கச் சிவந்து, எழும்பி, காலியானது.

கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தூரு தம்பி?"

சிவகாசி என்றால் எந்த ஊரிலும் முகம் மலரும். இவர் முகம் சுருங்கியது. "வெடிக்காரவுகளா! கடல்ல ராத்திரியில தோட்டா போடுறானுகளே, அதுக்கு மருந்து உங்க பக்கமிருந்துதான வருது?"

எனக்குச் சுருக்கென்றது. அது கல்குவாரிக்காரர்கள் வைக்கிற ஜெலட்டின், பட்டாசு மருந்து வேறு என்று குரலை உயர்த்தி விளக்கினேன். சொன்னது சரிதான்.

"செத்த மீன்ட்ட போயிச் சொல்லு."

வெடியில் செத்த மீனைக் கையில் எடுத்ததும் தெரியுமாம். நடுமுள் ஒடிந்து துணி மாதிரி தொங்கும், கண்ணில் ரத்தம் கட்டியிருக்கும். மிதக்கிறது கொஞ்சம், அடியில் போகிறது ஏராளம். குஞ்சும் மிஞ்சாது, பவளப்பாறையும் மிஞ்சாது. ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். காவல் உண்டு, கடலில் இருட்டும் உண்டு.

நான் மேலே பேசவில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். வேட்டங்குடிக்கு வருகிற பறவைகள் மிரளும் என்று அங்கே தீபாவளிக்கும் வெடி போடமாட்டார்கள். அதைச் சொல்லி எத்தனையோ தடவை கேலியாகச் சிரித்திருக்கிறோம். அன்று பெரியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

திட்டின வாயாலேயே சாப்பிடக் கூப்பிட்டார். கீற்றுக் கொட்டகையில் சோறும் கணவாய்க் குழம்பும். எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாவையே சாப்பாடு என்று நம்பி வளர்ந்த மச்சான் மூன்று தடவை சோறு வாங்கினான். கை கழுவியதும் பேரனிடம் பெட்டியைக் கொடுத்தான். கொடுக்காதே என்று நான் கண்ணைக் காட்டியது அவன் கண்ணில் படவில்லை.

பெரியவர் பெட்டியை வாங்கித் தரையில் கொட்டினார். கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம் எல்லாம் பேரன் பக்கம். லட்சுமி வெடி எங்கள் பக்கம். குருவி வெடிக் கட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்து, அதன் மேல் அச்சடித்திருந்த குருவியைப் பார்த்தார். அதையும் எங்கள் பக்கம் தள்ளினார்.