அலிபிரித் தடி

காஞ்சிபுரத்தில் மிருகங்கள் கல்லிலும் பட்டிலும்தான் உண்டு. கைலாசநாதர் கோயில் தூண்களில் பின்னங்கால் ஊன்றி எழும்பி நிற்கும் சிங்கங்கள், ராஜசிம்ம பல்லவன் காலத்திலிருந்து சுமார் 1,300 வருஷமாக யாரையும் சீண்டியதில்லை. வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் குதிரையும் யாளியும் வீரர்களைச் சுமந்துகொண்டு பாய்கின்றன. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் யாளி என்பது கரையில் ஓடும் ஒரு டிசைன். உயிரும் பல்லும் உள்ள மிருகம் என்று எங்களுக்குத் தெரிந்தது தெருநாய்தான். செகண்ட் ஷோ முடிந்து வீடு திரும்புகிறவர்கள் முனையிலேயே குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கிக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தற்காப்புக் கலை அவ்வளவே.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் புரட்டாசி வந்தால் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு, சிறுத்தையும் கரடியும் குடியிருக்கும் சேஷாசல மலையில் திருமலைக்கு வெறுங்காலோடு ஏறப் புறப்படுகிறோம். அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. பகல் வெயிலில் தார் சுடும் என்பதால் ராத்திரியும் விடியற்காலையும் நடப்பதுதான் வழக்கம். அந்தச் சாலையில் உண்மையான ஆபத்து லாரிதான். அதனால் கோஷ்டியின் கடைசி ஆள் முதுகில் ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கும். ஊர் எல்லைக்கு ஊர் எல்லை நாய்கள் வந்து கணக்குக் கேட்கும். இதெல்லாம் பழகியது. ஆனால் 2023 புரட்டாசியில் வழி நெடுகப் பேச்சு வேறாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால், "காஞ்சிபுரமா? அலிபிரி வழியாவா ஏறப்போறீங்க? புலி இருக்குதே" என்றார்கள்.

பேச்சுக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம், திருப்பதி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில், ஏழாவது மைல் பக்கம், ஒரு சின்னப் பையனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்தவர்களும் காவலர்களும் கத்திக்கொண்டு துரத்தியதில் பையனைப் போட்டுவிட்டு ஓடியது, அவன் பிழைத்தான். ஆகஸ்ட் 11 அன்று இருட்டும் நேரத்தில் பெற்றோருக்குச் சற்று முன்னால் போன ஆறு வயதுச் சிறுமி காணாமல் போனாள். மறுநாள் காலையில் நரசிம்மர் கோயிலுக்கு அருகே உடல்தான் கிடைத்தது. அதன் பிறகு திருமலை தேவஸ்தானமும் ஆந்திர வனத்துறையும் கேமராவும் கூண்டும் வைத்தன. செப்டம்பர் முடிவதற்குள் ஆறு சிறுத்தைகள் பிடிபட்டன. பிற்பகல் 2 மணிக்கு மேல் பிள்ளைகளோடு படியேற விடுவதில்லை, பெரியவர்களும் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஏறக்கூடாது, மான்களுக்குத் தீனி போடக்கூடாது என்று வரிசையாக உத்தரவுகள் வந்தன. கூடவே, நடந்து ஏறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தடி.

அந்தத் தடிக்கு நாடே சிரித்தது. சிறுத்தையைக் குச்சியால் அடிக்கச் சொல்கிறார்களே என்று மீம்கள் பறந்தன. அப்போது தேவஸ்தானத் தலைவராக இருந்த பூமன கருணாகர ரெட்டி, நடந்து ஏறுகிறவர்களுக்கு ஒரு தைரியத்துக்காகத்தான் தடி என்று பத்திரிகைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கோஷ்டிப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. குழித்தறியில் அறுபது வயது வரை கால் மிதித்தவர். பட்டணத்து ஜனங்களுக்கு மலை தெரியாது என்பது அவர் கட்சி. "அடிக்கறதுக்கா குடுக்கறான்? கையில கொம்பு இருந்தா மனுஷன் குனிய மாட்டான், ஓட மாட்டான். அதுக்குத்தான்" என்றார்.

காட்டு மிருகங்களைப் பற்றிப் படித்தவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். சிறுத்தை பதுங்கிப் பாயும் ஜாதி. புள்ளிமானையோ நாயையோ ஆட்டையோ கண்டால் மறைந்து மறைந்து நெருங்கி, பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ பாய்ந்து கழுத்தைப் பிடிக்கும். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் உருவம் அதற்குப் பழக்கமான இரை அல்ல. பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும். அதே மனிதன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால், குனிந்தால், கதை மாறுகிறது. ஓடினால் துரத்தும் புத்தி கிளம்பிவிடும். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் முதுகைக் காட்டாமல், நின்று, கையையும் துண்டையும் தூக்கி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, உரக்கக் கத்தி, மெல்லப் பின்வாங்க வேண்டும். மேலே பாய்ந்துவிட்டால் செத்தவன் போல் கிடப்பதில் பயனில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு திருப்பி அடிக்கத்தான் வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் தடி ஆயுதம். அதற்கு முந்தைய கட்டங்களில் எல்லாம் தரையில் தட்டி ஓசை எழுப்பவும் நிமிர்ந்து நடக்கவும் ஒரு சாக்கு.

ஆனால் தடியில் ஒரு கோளாறு உண்டு. அதை ஓரளவுக்காவது வீசத் தெரிந்தவன் பெரியவன். சிறுத்தை தேடுவதோ உயரம் குறைந்த உருவத்தை. ஜூனிலும் சரி, ஆகஸ்டிலும் சரி, பாய்ந்தது பெரியவர்கள் மேல் அல்ல. 2025 ஜூனில் வால்பாறை பச்சமலை எஸ்டேட்டில் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிப்போனதும் இதே கணக்குத்தான். ஆபத்தில் இல்லாதவன் கையில் ஆயுதமும் ஆபத்தில் இருப்பவன் கையில் பாப்கார்ன் பொட்டலமும் இருந்தால் அது என்ன பாதுகாப்பு?

பெரியவர் இதற்கும் வழி வைத்திருந்தார். திருச்சானூரில் படுத்து எழுந்து, விடிந்த பிறகுதான் அலிபிரியில் கால் வைப்பது என்று முடிவு செய்தார். முந்தின வருஷங்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடுவோம். அது கிடையாது என்றுவிட்டார். அடிவாரத்துப் பாதால மண்டபத்தில் சூடம் ஏற்றிய பிறகு எல்லோரையும் நிறுத்தி வரிசை பிரித்தார். தடி வைத்திருக்கும் ஆண்கள் இரண்டு ஓரமும், பெண்கள் முன்னும் பின்னும், பிள்ளைகள் நடுவில், ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒரு பெரியவர் கையில். "கோர்வை போடறா மாதிரி போங்கடா. கரை ரெண்டு பக்கமும் கெட்டியா நிக்கணும், உடல் நடுவுல வரணும். எங்கயும் விட்டுப்போகக் கூடாது" என்றார். கரையும் உடலும் தனித்தனி நாடாவில் ஓடி, இழைக்கு இழை கோத்துக்கொள்ளும் சேலையை நெய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அலிபிரியிலிருந்து மேலே சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஸ்ரீவாரிமெட்டு வழி இதைவிடச் சிறியது, 2 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மூச்சு வாங்கும். அலிபிரிப் பாதையில் காலி கோபுரம் வரைக்கும் படி செங்குத்தாகப் போகும். அதுவரை யாரும் யாரையும் விட்டு ஓட முடியாது, முட்டியே விடாது. தறிக்குழியில் ஆயுசைக் கழித்தவர்களின் முட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிறுத்தைக்காகக் கொடுத்த தடி எங்கள் ஆட்களுக்கு முதல் இரண்டாயிரம் படியில் மூன்றாவது காலாகத்தான் உழைத்தது.

காலி கோபுரம் தாண்டியதும் பாதை தட்டையாகிவிடும். மேலே கூரை, பக்கத்தில் காடு, கம்பி வலைக்கு அந்தப்புறம் மான்கள். காற்று வரும். எல்லோருக்கும் உயிர் திரும்பும். பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடுவது சரியாக இங்கேதான். இரண்டு சம்பவங்களும் இந்த ஏழாவது மைல், நரசிம்மர் கோயில் பக்கத்திலேயே நடந்ததை நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. படி ஏறும் கஷ்டத்தில் கெட்டியாகப் பிடித்திருந்த கையை, கஷ்டம் தீர்ந்ததும் விட்டுவிடுகிறோம். எங்களுக்கு முன்னால் போன குடும்பத்தில் ஒரு பையன் இப்படித்தான் மான் பார்க்க வலைப் பக்கம் ஓடினான். காவலர் விசில் ஊதினார். அப்பாவோ தடியைத் தோளில் சாத்திக்கொண்டு செல்பி எடுப்பதில் இருந்தார். எங்கள் வரிசையில் இருந்த ஒரு அத்தைதான் போய்ப் பையனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து அவன் அம்மாவிடம் ஒப்படைத்தாள். தெலுங்கில் திட்டு வாங்கினாள். தமிழில் பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்தாள்.

மிருகத்தை நேருக்கு நேர் எதிர்கொள்வதை நம் முன்னோர் வீரமாகக் கொண்டாடியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, கொங்குப் பக்கமெல்லாம் புலிக்குத்திக் கற்கள் நிற்கின்றன. பின்னங்காலில் எழுந்த புலியின் வாயிலோ வயிற்றிலோ மனிதன் ஈட்டியையோ குறுவாளையோ இறக்கும் சிற்பம். பார்க்க மெய்சிலிர்க்கும். ஆனால் நடுகல் என்பது பெரும்பாலும் செத்தவனுக்கு எழுப்புவது. புலியைக் குத்தியவன் வீடு திரும்பிச் சோறு சாப்பிட்டிருந்தால் கல்லுக்கு வேலையே இருந்திருக்காது. மலையேறுகிறவன் கல்லாகாமல் திரும்புவதற்கு வீரத்தைவிட தந்திரம் நல்லது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் தேனெடுக்கவும் விறகு வெட்டவும் போகிறவர்களுக்கு 1986-இல் வனத்துறை மனித முகமூடிகளைக் கொடுத்துப் பின்னந்தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னது. புலி முதுகுப் பக்கம்தான் வரும். முதுகிலும் முகம் இருந்தால் தயங்கும் என்ற கணக்கு. கொஞ்ச காலம் நன்றாகவே பலித்தது. பிறகு புலிகள் விவரமாகிவிட்டன என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கரடிக்காட்டில் நடப்பவர்கள் இடுப்பில் மிளகாய்க் காரம் நிரம்பிய தெளிப்பான் செருகிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் அதை ரசப்பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம், ஆனால் காற்று எதிர்த்து வீசினால் என்ன ஆகும் என்பது சமையலறையில் மிளகாய் வறுத்தவர்களுக்குத் தெரியும்.

சேஷாசலத்தில் கரடியும் உண்டு. என்னைக் கேட்டால் சிறுத்தையைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மனிதனைத் தின்ன அது வருவதில்லை. கரையான் புற்றிலோ பழத்திலோ மூக்கை விட்டுக்கொண்டிருக்கும். கிட்டே வரும் ஆளைக் கவனிக்காது. திடீரென்று பத்தடியில் நிமிர்ந்து பார்த்தால் அதற்குக் கிலி பிடித்துவிடும். கிலியில் முகத்தைத்தான் பிறாண்டும். மரம் ஏறித் தப்பலாம் என்றால் அது நம்மைவிட நன்றாக ஏறும். ஆகவே கரடிக்கு ஒரே மருந்து, நாம் வருகிறோம் என்று தூரத்திலேயே தெரிவிப்பது. இந்த விஷயத்தில் திருமலைப் படியேறுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜால்ராவும் "ஏடுகொண்டலவாடா" கோஷமும் இரண்டு வளைவுக்கு முன்னால் போய் எச்சரிக்கும். பக்தி குறைந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தனியே போகும் இளவட்டங்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

யானைக்கு மட்டும் இந்தப் பாடம் எதுவும் செல்லாது. நின்று கையைத் தூக்கிக் கத்தினால் அது பெரிய மரியாதைக் குறைவு. யானையைத் தூரத்தில் பார்த்தால் ஓசைப்படாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். காடு என்றால் ஒரே சூத்திரம் என்று நினைக்கிறவர்கள் சத்தியமங்கலத்திலோ முதுமலையிலோ மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நரசிம்மர் கோயிலில் தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வரதர் கோயிலிலும் அத்திகிரிக்குக் கீழே, குகையில் இருப்பது நரசிம்மரான அழகியசிங்கர்தான் என்பதால் எங்களுக்கு அவர் வெளியூர்ச் சாமி இல்லை. சேவித்துவிட்டு உட்கார்ந்தபோது பேச்சு கூண்டுகள் பக்கம் போனது. பிடித்த சிறுத்தைகளை எல்லாம் வேறு காட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்றான் எங்கள் கூட்டத்தில் ஒருவன். அப்படித் தீராது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் சாட்சி. அங்கே 2001-க்குப் பிறகு சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள் 17 ஆகியிருந்தன. இடம் தெரியாமல் அலையும் சிறுத்தை, இடம் தெரிந்த சிறுத்தையைவிட மோசம். அதைவிட, நடைபாதை ஓரத்தில் தின்று போட்ட எச்சிலையை வாரினால் புண்ணியம். எச்சிலைக்கு நாயும் பன்றியும் வரும். தீனிக்கு மான் வரும். அவை வந்தால் அவற்றைத் தின்பது வராதா? வெள்ளரிக்காய்த் துண்டை மானுக்கு நீட்டுகிறவர்கள் தாங்கள் யாருக்கு விருந்து வைக்கிறோம் என்று யோசிப்பதில்லை.

ஊர் திரும்பிய பிறகு அடுத்த புரட்டாசிக்கான கூட்டம் போட்டபோது பெரியவர் ஒரு புது விதி கொண்டுவந்தார். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் திருப்பதி வரை நம்மோடு வரலாம். மலைக்குப் பாட்டிகளோடு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். பெண்கள் பக்கம் பெரிய சண்டை. பேரனுக்கு நடந்து வந்து முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், சாமிக்குப் பதில் நீங்களா சொல்வீர்கள் என்று ஒரு அம்மாள் எகிறினாள். பெரியவர் வாயே திறக்கவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு, அதே அம்மாள்தான் கணக்கு நோட்டை இழுத்துத் தன் பெயருக்கு நேரே நடை என்றும் பேரன் பெயருக்கு நேரே பஸ் என்றும் எழுதச் சொன்னாள். "வேண்டிக்கிட்டது நானு. நான் நடக்கறேன். அவன் மேல வந்து மொட்டைக்கு லைன்ல நிக்கட்டும்" என்றாள். மலை பஸ் டிக்கெட்டுக்கு ஆளுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதில் அடுத்த சண்டை ஆரம்பித்தது.