சடைமுடிக்குக் கருப்பெண்ணெய்

"உங்க ஊர்ல கொட்டமுத்தை வறுத்து, இடிச்சு, தண்ணியில காய்ச்சி எண்ணெய் எடுப்பாங்கன்னு சொல்வீங்களே, அதையே இங்க ஒரு அம்மா செய்யறாங்க. ஆனா விளக்குக்கும் இல்ல, பேதிக்கும் இல்ல. ராஸ்தாக்காரங்க சடைக்கு." ஜமைக்காவில் மேண்டவில் நகரில் மருத்துவராக இருக்கும் நண்பர் தொலைபேசியில் இதைச் சொன்னபோதே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். நாங்கள் கொட்டமுத்து என்கிற ஆமணக்கு சேலம் மாவட்டத்தில் இன்றும் விளைகிறது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி எண்ணெய் காய்ச்சும் பெண்களைத்தான் காணோம். விதை செக்குக்கும் ஆலைக்கும் போகிறது, எண்ணெய் புட்டியில் திரும்பி வருகிறது. எங்கள் ஊரில் மங்கிப்போன ஒரு கைவேலை உலகின் மறுபக்கத்தில் உயிரோடு இருக்கிறது என்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

மேண்டவில்லைத் தாண்டியதும் ஸ்பர் ட்ரீ மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. கீழே செயின்ட் எலிசபெத் சமவெளி. மழை குறைந்த நிலம், ரத்தச் சிவப்பு மண். அந்தச் சிவப்பு பாக்சைட்டின் நிறம்; அலுமினியத்துக்காகத் தோண்டிய குழிகள் சாலையோரம் தெரிகின்றன. ஈரம் போகாமலிருக்க, வெட்டிக் காயவைத்த கினிப் புல்லைச் செடிகளுக்கு அடியில் பரப்பித் தர்ப்பூசணியும் வெங்காயத்தாளும் வளர்க்கிறார்கள். மலைச்சரிவுக் கடைகளில் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கிறது. 1845 மே மாதம் ஓல்ட் ஹார்பர் விரிகுடாவில் வந்திறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இந்தத் தீவுக்குக் கொடுத்த சாப்பாடு அது. 2024 ஜூலையில் பெரில் புயல் இந்தத் தெற்குக் கரையை அடித்து நொறுக்கியிருந்தது. நான் போனபோதும் பல கூரைகளில் துத்தநாகத் தகட்டுக்குப் பதில் நீலத் தார்ப்பாய்தான்.

அந்த அம்மாவை ஊரில் எல்லோரும் ஆன்ட்டி என்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். வேலி ஓரத்தில் ஆமணக்கு, அதே கைவிரித்த இலை, அதே முள்காய்க் குலை. பெரில் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டது. விழுந்த விதையிலிருந்து முளைத்தவை இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. "இதை யாரும் நடவேண்டாம் மகனே. மத்ததெல்லாம் புயலுக்குப் போகும், இது திரும்பி வரும்" என்றார்.

காய்களைப் பறிப்பது, தகட்டில் காயப்போடுவது, வெடித்ததும் தோலை நீக்குவது எல்லாம் நம் ஊர் முறையேதான். அதில் நான் நிற்கவில்லை. வறுக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

மூன்று கல் வைத்த விறகடுப்பு, அதன்மேல் கனத்த இரும்புச் சட்டி. விதையைப் போட்டு மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடிக்கிறது. பிறகு ஒரு புகை எழும்புகிறது; கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும். நான் எழுந்து தள்ளிப்போனேன். அவர் நகரவில்லை, புகையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிர்புகை வந்தால் இன்னும் பச்சை. அது கனத்து மஞ்சளானால் இறக்க வேண்டும். ஒரு கை கூடினால் எண்ணெய் கசந்த நெடி அடிக்கும். குறைந்தால் நிறம் ஏறாது, காய்ச்சும்போது எண்ணெய் பிரியவும் மறுக்கும். இந்தக் கணக்கு எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது புரதம், சூட்டில் சிதையும்; எண்ணெயிலும் கரையாது. வறுத்து, பிறகு நீரில் நெடுநேரம் கொதிக்கவிடுவதால் நஞ்சு அடங்குகிறது. வேதியியல் பெயர் தெரியாத காலத்திலேயே ஆப்பிரிக்கப் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சாமான் எதையும் கொண்டுவந்திருக்க முடியாது. இந்த வறுக்கும் பதம் அவர்கள் கையோடு வந்தது.

வறுத்ததை இடிக்கிற உரலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இடுப்பளவு உயரம், ஒற்றை மரத்தடியைக் குடைந்தது. உள்வாய் எண்ணெய் குடித்துக் குடித்துக் கருங்கல்லாகப் பளபளக்கிறது. ஆன்ட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். "இப்போ எல்லாரும் கைமில்லுல அரைக்கறாங்க. எனக்கும் ஒண்ணு இருக்கு. ஆனா இது என் மாமா செஞ்சது" என்றார். உரலில் கைவைத்தபடி அவர் சொன்ன கதைக்குப் பிறகு, வேறெதையும் கேட்க எனக்கு நெடுநேரம் வாய் வரவில்லை.

மாமா ராஸ்தாஃபாரி. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமாக ஏற்ற வழி அது. 1930-களில் ஜமைக்காவின் ஏழைக் கறுப்பர்களிடையே பிறந்தது. தலையில் கத்தி படக்கூடாது என்ற எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்து நசரேய விரதத்தைத் தங்கள் சடைக்கு அவர்கள் ஆதாரமாகச் சொல்கிறார்கள். (இந்தச் சடை நம் சாதுக்களைப் பார்த்து வந்ததா, கென்யாவின் மாவ் மாவ் போராளிகளிடமிருந்து வந்ததா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். சடை வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணமே எனக்குப் போதும்.) 1963 ஏப்ரல் 11 அன்று மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில், நிலத் தகராறில் தொடங்கிய மோதலில் எட்டுப் பேர் செத்தார்கள். மறுநாள் புனித வெள்ளி. அன்றிலிருந்து மோதலில் தொடர்பே இல்லாத ராஸ்தாக்களையும் போலீஸ் பிடித்து அடித்தது, சிறையில் போட்டது, சடையை வலுக்கட்டாயமாக வெட்டியது. அவர்கள் அந்த நாளைக் கெட்ட வெள்ளி என்கிறார்கள்.

"மாமா திரும்பி வந்தப்ப எனக்கு அடையாளம் தெரியல. நான் சின்னப் பொண்ணு. தலையில எல்லாம் வெட்டுக்காயம். உடைஞ்ச பாட்டிலால அறுத்தாங்கன்னு பாட்டி சொன்னா. பாட்டி ஒரு வார்த்தை பேசல. எண்ணெய எடுத்து அந்தத் தலையில தடவினா. தினம் தடவினா. அவர் வெளிய போகவே இல்ல. கொல்லையில விழுந்து கிடந்த மரத்தை உட்கார்ந்து குடைஞ்சார். இதுதான் அது."

முடி மறுபடி வளர்ந்தது, மறுபடி சடையானது. மாமா அந்தச் சடையோடேயே இறந்தார். அரசு 2017 ஏப்ரலில்தான் மன்னிப்புக் கேட்டது. பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னெஸ் நாடாளுமன்றத்தில் பேசியதை ஆன்ட்டி வானொலியில் கேட்டிருக்கிறார். "நல்லதுதான். ஆனா கேக்க வேண்டியவங்கள்ல பாதிப் பேர் மண்ணுக்குள்ள" என்றார்.

இடித்த மாவு கரிய களியாக வருகிறது. அதைத் தண்ணீரோடு தகரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கருநுரை மேலே பொங்கும். அந்த நுரைதான் எண்ணெய். அகப்பையால் வழித்து வழித்து வேறு சட்டியில் சேர்த்து மறுபடி அடுப்பேற்றுகிறார். அதில் ஒட்டியிருக்கும் நீர் சடசடத்துப் பொரிந்து அடங்கும்வரை விடவேண்டும்; ஈரம் நின்றால் எண்ணெய் காறிவிடும். பிறகு துணியில் வடித்து, கழுவிக் காயவைத்த ரம் புட்டிகளில் ஊற்றுகிறார். நாற்றம் அடுப்புப் புகையும் வறுத்த கடலையும் கலந்த மாதிரி. விதையில் பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய் உண்டு. இந்த முறையில் அதில் நல்ல பங்கு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. சக்கை தோட்டத்துக்கு எருவாகப் போகிறது, ஆட்டுக்குக் காட்டுவதில்லை.

சடைப் பராமரிப்பில் எண்ணெய் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் சடையை அலசும் வேலை. அதைச் செய்பவர் ஆன்ட்டியின் பேத்தி. தோள்வரை சடை, இருபது வயதிருக்கும். கடை ஷாம்பூவின் கிரீமும் மெழுகும் சடைக்குள் போய்ப் படிந்தால் வெளியே வராது, தூசியைப் பிடித்துச் சாம்பல் கட்டியாக இறுகும் என்றார். தேன்மெழுகு பூசிச் சடையை இறுக்கச் சொல்பவர்களிடம் அவருக்கு ஆத்திரம். அவர் சேர்ப்பதெல்லாம் வேலியோரத்தில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியும்வரை சாய்த்து வைக்கிறார். அந்தப் பால் தோலை அரிக்கும். பிறகு சோற்றை வழித்து அடித்து நுரைக்கவிடுகிறார். தூனா என்ற கள்ளியின் மட்டையை நெருப்பில் காட்டி முள்ளைக் கருக்கிவிட்டு, பிளந்து வழவழப்பை எடுக்கிறார். செம்பருத்தி இலையை நீரில் கசக்குகிறார். எங்கள் வீடுகளில் சனிக்கிழமை தலை அலச இலை கசக்கும் அதே கை, அதே பச்சைக் கொழகொழப்பு. கொதிக்கவைத்த ரோஸ்மேரித் தண்ணீரைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்கிறார். எதிலும் பதனப் பொருள் இல்லை என்பதால் குளிர்பெட்டியில் சில நாள்தான் நிற்கும். அவ்வப்போது தேவைக்குத்தான் செய்கிறார்.

அலசுவதைவிட முக்கியம் காயவைப்பது. கனத்த சடையின் நடுவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், புளித்த வாடை வரும், அதற்குப் பிறகு வெட்டுவதுதான் வழி. அதனால் காலையில் அலசி, பிழிந்து, வெயிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் சில துளி, விரல் நுனியில், மண்டைத் தோலுக்கு மட்டும். சடையின் நீளத்துக்குப் பூசினால் அழுக்குதான் சேரும்.

இந்த எண்ணெய் முடியைக் கிடுகிடுவென்று வளர்க்கும் என்று உலகமெங்கும் விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. நண்பரும் அதையே சொன்னார். தடித்த எண்ணெய் என்பதால் ஈரத்தைப் பூட்டி வைக்கும், வறண்ட தோலை ஆற்றும். சுருள்முடியில் தலையின் சொந்த நெய் நுனிவரை இறங்காது, ஆகவே அங்கே இது உண்மையிலேயே உதவுகிறது. நீண்ட நேர்முடிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். விளக்கெண்ணெய் தடவிக் குளித்ததும் முடி முழுவதும் கல்லாகப் பின்னிப்போன ஒரு பெண்ணைப் பற்றி 2017-இல் இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

இனி காசு விஷயம். ஆன்ட்டியிடம் எண்ணெய் வாங்க ஓர் ஆள் வண்டியில் வருகிறார். பெரிய வாளியில் அளந்து, அவர் சொல்லும் விலைக்கு வாங்கிப் போகிறார். அந்த வாளி சிறு சிறு புட்டிகளாகப் பிரிந்து, அழகான சிட்டை ஒட்டி, அமெரிக்கக் கடையில் பல மடங்கு விலைக்கு நிற்கும். சிட்டையில் உரல் படம் இருக்கும், பாட்டி முறை என்று இருக்கும். அந்தப் பாட்டிக்கு அதில் ஒரு டாலர் வராது. அதைவிடக் கொடுமை, 'ஜமைக்கா கருப்பு விளக்கெண்ணெய்' என்று விற்கிற பல புட்டிகளுக்குள் ஜமைக்கா விதையே இல்லை. உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. ஆலையில் பிழிந்த அந்த மலிவு எண்ணெய் நிறம் ஏற்றப்பட்டு, ஆன்ட்டியின் ஊர்ப் பெயரோடு, ஆன்ட்டியின் எண்ணெயோடு போட்டிபோடுகிறது. குஜராத்தின் பனஸ்காண்டா மாவட்டத்தில் கருக்கும் வெயிலில் குலை அறுக்கும் கூலிப் பெண்ணுக்கும் அதில் எதுவும் வருவதில்லை. இரண்டு கண்டத்துப் பெண்களின் உழைப்பையும் நடுவில் நிற்பவன் எடுத்துக்கொள்கிறான். இது வியாபாரத் திறமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன், இது திருட்டு. புகையில் கண் எரிந்தவள் விலை சொல்லக்கூடாது, புட்டியில் காகிதம் ஒட்டியவன் சொல்லலாம் என்பதை எந்தச் சந்தை நியாயமும் நியாயமாக்காது. நீல மலைக் காபிக்கும் ஜெர்க் மசாலாவுக்கும் ஜமைக்கா பெயர்க் காப்பு வாங்கியிருக்கிறது. அதே உறுதியான காப்பு இந்த எண்ணெய்க்கும் வேண்டும். அதோடு, அந்தப் பெயரில் விற்பவன் எந்த முற்றத்தில் வாங்கினான், என்ன விலை கொடுத்தான் என்று சிட்டையிலேயே எழுதவைக்க வேண்டும். பாக்சைட் எடுத்துத் தூர்த்த நிலங்களில் ஆமணக்கு வைத்துப் பார்க்கும் முயற்சியும் அங்கே நடந்திருக்கிறது. அந்த நிலத்தை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேத்தி காத்திருக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எண்ணெய் காய்ச்சும் பெண்களை ஒன்றுசேர்த்து, வாளி வியாபாரிக்குக் கொடுக்காமல் சடை பராமரிக்கும் சலூன்களுக்கு நேராகக் கொடுக்கப் பேசியிருக்கிறார். சிலர் ஒப்பினார்கள், வாளிக்காரர் கோபித்துக்கொண்டு இனி வரமாட்டாரோ என்று சிலர் பயந்து விலகிவிட்டார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது, பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கையில் காசு வரவேண்டும். முதல் தவணையை நண்பர் தன் காரிலேயே மேண்டவில் சலூன் ஒன்றுக்கு எடுத்துப்போக ஒத்துக்கொண்டார். என்ன விலை சொல்வது என்று பேத்தி கேட்டதற்கு, ஆன்ட்டி விறகு, தண்ணீர், இரண்டு பேர் உலக்கை பிடித்த பொழுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் நோட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தாள்.